அது ரெண்டு ஊடு

அசிட்டிலின் வாயு என்னைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது. மீத்தேனுக்கும் எத்திலீனுக்கும் கணக்குப் போட்டு வரைந்த கோடு, சோதனையில் அளந்த புள்ளிகளோடு அழகாகப் பொருந்தியது. அசிட்டிலின் கோடு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கீழே படுத்துக்கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை போகாவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்து.

மூலக் கணக்கு கலைமணியின் நோட்டில் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் என்னோடு ஆய்வகத்தில் இருந்தவள்; பாதியில் விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் தன் ஊரான வாசலூர்பட்டிக்கே திரும்பிவிட்டாள். அதே மலையிலிருக்கும் செம்மேட்டுக்கு நான் இயற்பியல் டீச்சராக மாற்றலாகி வந்து எட்டு மாதம். அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை. இப்போது வேறு வழியில்லாமல் பஸ் ஏறினேன்.

களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வா ஜெனி, காப்பி குடிக்கிறியா?" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி.

மூலக்கூறில் எலக்ட்ரான்கள் இருக்கும் ஒவ்வொரு ஆர்பிட்டலையும் அவள் அந்நாளில் 'ஊடு' என்பாள். ஊட்டுக்கு ரெண்டு பேர். வெளியிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரான் எந்த ஊட்டில் யாரைத் தள்ளிவிடும் என்பதுதான் எங்கள் கணக்கு. "வீடுன்னு சொல்லுடி" என்று கிண்டல் செய்வேன். கான்டீன் டீயை ஒரே டம்ளரில் பங்கு போட்டுக் குடிப்போம். அதற்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு சிநேகிதி வாய்க்கவேயில்லை.

அவள் எடுத்துவந்து கொடுத்த நோட்டைத் திறந்தேன். ஊட்டுக்கு ஒன்றாக ஆற்றல் அளவை எழுதிய அசிட்டிலின் பட்டியலில் 11.4; அதன் கீழே மறுபடியும் 11.4. இரண்டாவதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஒன்றையே இரண்டு தரம் எழுதாதே. கவனம் வேண்டாமா?' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அந்த வாரம்தான் அவள் பெட்டியைக் கட்டினாள்.

"அது ரெண்டு ஊடு, கண்ணு" என்றாள். "அளவு ஒண்ணா இருந்தா ஒரே ஊடாயிருமா?"

அசிட்டிலினின் பதினான்கு எலக்ட்ரானில் இரண்டை நானே தொலைத்திருந்தேன். எண்ணிப் பார்த்திருந்தால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். எல்லாரு முன்னாடியும், 'மலைக்குப் போய் மிளகு எண்ணு'ன்னியே."

சொன்னது நினைவிருந்தது. வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

லேப்டாப்பை அங்கேயே திறந்து, அடித்த ஊட்டைத் திரும்பச் சேர்த்தேன். கோடு எழுந்து புள்ளிகளின் மேல் உட்கார்ந்தது. பழையபடி இரண்டு பேரும் கத்தினோம்.

"கட்டுரையில உன் பேரையும் போடறேன்" என்றேன்.

மிளகைத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "போடு. ரெண்டு பேரு இருக்குதுன்னு ஒண்ண அடிச்சுப்போடாதே."

அவள் பெயரை முதலில் எழுதினேன்.