துவக்கென்றால் பயம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில், கொத்துரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மக்டலீன் சொன்னது. அவர் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்து, ஆட்டிறைச்சிக் கொத்தைக் கண்டதும் என்னை அடியோடு மறந்துவிட்டார். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் சண்டைக்கு வரக்கூடாது.

துவக்கம் மட்டும் வேண்டிய அளவுக்கு இருக்கிறது. பாருங்கள்:

'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் இராஜரட்ணம்—'

வேண்டாம். கனடாக் கதை என்றால் முதல் வரியிலேயே பனி கொட்டவேண்டும் என்று எந்தப் பாழ்படுவான் சட்டம் போட்டான்?

'இடுப்பில் துவக்கோடு இராஜரட்ணம் வீட்டுக்குள்—'

இதுவும் சரிவராது. அவர் இடுப்பில் இருந்தது துவக்கா இல்லையா என்பதுதான் கதையே.

'தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒரு மனிதனுக்கு உண்டா என்று கேட்டால்—'

இது கட்டுரை. கேட்டால் நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

(ஒரு குறிப்பு: சென்னையில் என் கதைகளைத் திருத்தித் தருகிற அன்பர், துவக்கு வந்த இடமெல்லாம் துப்பாக்கி என்று மாற்றி அனுப்பினார். 'துவக்கு என்றால் எங்கள் பக்கம் ஆரம்பி என்றுதான் ஐயா பொருள்' என்று விளக்கம் வேறு. எங்கள் ஆட்களுக்கு அது சுடுகிற சாமான். ஒரு சொல்லைக்கூட மாற்றவேண்டாம், மாற்றினால் இந்தக் கதையில் ஒருத்தி வீட்டைவிட்டுப் போகவே மாட்டாள் என்று பதில் போட்டேன்.)

2

ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் புதிதாக எழும்பிய குடியிருப்பில் இராஜரட்ணத்தின் வீடு. ஒரு பண்டகசாலையில் சாமான்களை எண்ணி ஏற்றுகிற வேலை. மனைவி புனிதவதி. ஒரே மகள் தனுஷிகா கலியாணம் முடித்து விட்பிக்குப் போய்விட்டாள். ஒருநாள் பின்னேரம் இரண்டுபேரும் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், முன்கதவு படாரென்று உடைந்தது. முகமூடி போட்ட இரண்டு பெடியன்கள். ஒருவன் கையில் கதவை நெம்புகிற சின்ன அலவாங்கு. கார்த் திறப்பு, அதுதான் சாவி, வேண்டுமாம்.

புனிதவதி எழும்பிப்போய்த் திறப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் திரும்பிப் போகும்போது பின்னால் கூப்பிட்டுச் சொன்னாள்: "டோரைச் சாத்திப்போட்டுப் போங்கோ, கோல்ட்!"

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. கள்ளனிடம் ஒருத்தி இப்படிச் சொல்வாளா? மக்டலீனிடம் கேட்டேன். "அவளோ? அதுக்கு மேலையும் சொல்லுவாள்" என்றார். சின்ன வயதிலிருந்தே சிநேகிதி, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.)

இராஜரட்ணம் என்ன செய்தார்? கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கையைத் தூக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கள்ளன்கள் அவரைப் பார்க்கவுமில்லை. வலது கையில் ஒட்டியிருந்த புட்டு தலையில் உதிர்ந்தது. கார் போய், பொலிஸ் வந்து போய், மகள் வந்து அழுது போய், காப்புறுதியில் வேறு காரும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கைகள் அவரை விடவில்லை. ஊரில் சோதனைச்சாவடிகளில் தூக்கிப் பழகிய கைகள். சொந்த வீட்டில், சொந்தச் சாப்பாட்டு மேசையில், கேளாமலே மேலே போயினவே!

"எனக்கு வெக்கமாக் கிடக்குது புனிதம்" என்றார்.

"என்னத்துக்கு? கார்தானே போனது. உயிரே போனது?"

மானம் போனது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கைபேசியைத் திறந்தார்.

3

கைபேசிக்குள் தாடி வைத்த ஓர் அமெரிக்கர் இருந்தார். இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவதற்குக் கைத்துவக்குத் தெரிவுசெய்வது எப்படி என்று அவர் வாரம் தவறாமல் பாடம் எடுத்தார். சின்னது என்றால் மறைக்கச் சுகம், ஆனால் சுடும்போது கையில் துள்ளும். பெரியது துள்ளாது, குனிந்தால் சட்டைக்கு வெளியே துருத்தும். உங்கள் உள்ளங்கைக்கு எது பொருந்துகிறதோ அதை எடுங்கள், பழகாமல் எதையும் எடுக்காதீர்கள். மனுசன் நியாயமாகத்தான் பேசினார். கொழுத்தவருக்கு, மெலிந்தவருக்கு, நாள் முழுக்கக் கார் ஓட்டுகிறவருக்கு என்று எல்லோருக்கும் அவரிடம் ஆலோசனை இருந்தது. மேற்சட்டையில்லாமல் வேட்டியோடு நின்று கோயிலில் சாமி தூக்குகிறவருக்கு மட்டும் இல்லை. இராஜரட்ணம் அதைப்பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார். முதுகுப் பக்கம் செருகி மேலே சால்வையைக் கட்டினால் என்ன?

"அப்பா, சீரியஸ்லி? திஸ் இஸ் நொட் ரெக்சஸ்!" என்றாள் தனுஷிகா தொலைபேசியில்.

அவர் கேட்டால்தானே. ஒரு வார இறுதியில் பாதுகாப்பு வகுப்புக்குப் போனார். சோதனையில் நல்ல புள்ளி. வகுப்பு எடுத்த கிளிபோட் கைகுலுக்கிவிட்டு, அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் கைத்துவக்கு வாங்க முடியாது என்றார். புதிதாக வாங்குவதை அரசாங்கம் எப்போதோ நிறுத்திவிட்டது. முன்பே வைத்திருப்பவனும் அதைப் பூட்டிக்கொண்டு சுடுகளத்துக்குப் போய்வரலாமே தவிர, இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குப் போக முடியாது.

"ஒருத்தருக்குமே விடமாட்டினமோ?" என்று இராஜரட்ணம் தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

சில பேருக்கு உண்டு என்றார் கிளிபோட். காசு வண்டிக்குக் காவல் போகிறவன். காட்டில் பொறிவைத்து விலங்கு பிடிக்கிறவன். உயிருக்கு ஆபத்து, பொலிஸ் காவல் போதாது என்று நிரூபிக்கிறவன், அதுவும் ஆயிரத்தில் ஒருத்தன். நீங்கள் இதில் யார்?

இராஜரட்ணம் யோசித்தார். பின்வளவில் ரக்கூன் தொல்லை உண்டு, ஒரு பொறியும் வைத்திருக்கிறார். பொறிவைக்கிறவன் என்று காட்ட அது காணுமோ என்று கேட்டார். கிளிபோட் சிரித்த சிரிப்பு வாகனத் தரிப்பிடம் வரைக்கும் கூடவே வந்தது.

ஆனாலும் துவக்கைச் செருகுகிற உறை ஒன்று வாங்கினார். நல்ல தோல். அதற்குச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. யானை வாங்க வழியில்லாதவன் அங்குசம் வாங்கி வைத்திருந்த கதைதான்.

புனிதவதி அதைக் கண்டுவிட்டாள்.

"துவக்குக்குப் பயமெண்டு சொல்லித்தானே உங்களை இந்த நாட்டுக்குள்ளை விட்டவங்கள்?"

(உண்மைதான். அகதி விசாரணையில் மொழிபெயர்த்த அம்மா தமிழ்நாட்டுக்காரர். 'அவங்கள் துவக்கோடை வந்தவங்கள்' என்று இராஜரட்ணம் சொல்ல, 'அவர்கள் ஓர் ஆரம்பத்தோடு வந்தார்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். எதன் ஆரம்பம் என்று கேட்டிருக்கிறார் விசாரித்தவர். 'ஐயா, எனக்குத் துவக்கெண்டாலே பயம்' என்று இவர் அழ, 'இவருக்கு ஆரம்பங்கள் என்றாலே பயம்' என்று அம்மா உருக்கமாகச் சொல்ல, விசாரித்தவருக்கும் கண் கலங்கிவிட்டதாம். ரொறன்ரோவில் பத்துப்பேராவது இது தங்கள் மச்சானுக்கு நடந்தது என்பார்கள். எனக்கும் ஆரம்பங்கள் என்றால் பயம், முதலாம் பகுதியில் பார்த்திருப்பீர்கள்.)

"அது வேறை, இது வேறை" என்றார் இராஜரட்ணம். "இது வீட்டுக்குக் காவல்."

"எங்கடை அண்ணையும் காவலெண்டுதான் கொண்டுவந்து கூரைக்குள்ளை செருகினவர். கள்ளன் ஒருத்தனும் வரேல்லை. அதைத் தேடிக்கொண்டுதான் வந்தவங்கள். அண்ணையைக் கொண்டு போனவங்கள்." அவளுக்குக் குரல் உடையவில்லை, கோபம்தான் வந்தது. "இஞ்சை பாருங்கோ. துவக்கு இந்த வாசலுக்குள்ளை வாற அண்டைக்கு நான் அதாலை வெளியிலை போவன். ஒரு கதையும் இல்லை."

4

பண்டகசாலையில் பெட்டியின் கோட்டுக் குறியீட்டை வாசிக்க ஒரு கருவி தருவார்கள். பிடியும் விசையும் உண்டு, அமத்தினால் சிவப்புக் கோடு விழும். ஸ்கானர். அங்கே எல்லோரும் அதைக் கன் என்பார்கள். கன் என்றால் தமிழில் என்ன? எங்கள் ஆட்கள் துவக்கு என்றே கூப்பிட்டார்கள். 'அண்ணை, என்ரை துவக்குக்குச் சார்ஜ் இறங்கிப்போச்சு', 'டேய், துவக்கைக் கீழை போடாதை' என்று நாள் முழுக்கச் சத்தம் கேட்கும். ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அன்றைக்கு வேலை முடிந்து வந்து காரை விட்டு இறங்கும்போதுதான், ஸ்கானர் இன்னும் இடுப்பிலேயே தொங்குவதை இராஜரட்ணம் கண்டார். காராஜுக்குள் நின்று யோசித்தார். பிறகு, அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தோலுறையை எடுத்து இடுப்பில் கட்டி, ஸ்கானரை அதற்குள் செருகிப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் இருந்தது. சட்டையை மேலே இழுத்துவிட்டு, கார்க் கண்ணாடியைப் பார்த்து ஒருதரம் உருவினார். சரி, இரண்டுதரம். அந்த நேரம் கைபேசி அடித்தது. கூட வேலை செய்யும் வினோதன்.

"அண்ணை, ஒரு துவக்கைக் காணேல்லை எண்டு சூப்பவைசர் துள்ளுறான்."

"ஓமடா, என்னட்டைத்தான் கிடக்குது!" என்று இராஜரட்ணம் சிரித்தார். "தெரியாமல் வீட்டை கொண்டந்திட்டன். ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதை. நாளைக்கு இடுப்பிலை கட்டிக்கொண்டு வாறன்."

காராஜில் இருக்கும் அரிசி மூட்டையில் இரண்டு பேணி அள்ள வந்த புனிதவதி, அவர் உருவும்போதே உள்கதவடிக்கு வந்து நின்றிருந்தாள். கணவனின் முதுகு தெரிந்தது. இடுப்பில் தோலுறை தெரிந்தது. வாசல் திறந்து கிடந்தது.

வினோதனோடு ஊர்க்கதை முழுக்கக் கதைத்து முடித்து இராஜரட்ணம் உள்ளே வந்தபோது, அடுப்பு அணைந்திருந்தது. வெற்றுப் பேணி மேசையில் இருந்தது. கார்ச் சத்தம் கேட்டு அவர் திரும்பி ஓடிவருவதற்குள், முன்வாசலால் சுற்றிவந்த புனிதவதி, களவு போனதற்குப் பதிலாக வந்த அதே காரில் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். மல்வேர்னுக்கு, மக்டலீன் வீட்டுக்கு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் இவள் அரண்டவளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

5

இங்கே மூன்று வழி இருக்கிறது.

'அவர் ஸ்கானரைக் காட்டினார். அவள் குலுங்கிச் சிரித்தாள். எல்லோரும் சேர்ந்து இடியப்பம்—'

சீ! சவர்க்கார விளம்பரம் மாதிரி.

'வழியில் பொலிஸ்காரன் மறித்தான். அவருடைய இடுப்பைப் பார்த்தான். சத்தம் போடுவதற்கு முன்பே அந்தக் கைகள் மேலே—'

இல்லை. இப்படி எழுதினால் பரிசு கிடைக்கும் என்று தெரியும். ஆனால் எனக்கு இராஜரட்ணத்தைப் பிடித்துப்போய்விட்டது, அவரைத் தெருவில் விழுத்த மனம் வரவில்லை.

மூன்றாவது, மக்டலீன் சொன்னது.

வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு இராஜரட்ணம் போனார். மக்டலீன் கதவைத் திறந்தார். பின்னால், குசினி வாசலில் புனிதவதி கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். உள்ளே வரச்சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே அவர் ஸ்கானரை எடுத்து, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மக்டலீனின் அரிசி மூட்டைக்கு நேரே பிடித்து விசையை அமத்தினார். சிவப்புக் கோடு விழுந்தது. 'பீப்' என்றது.

"பார் புனிதம், இவ்வளவுதான்!"

மக்டலீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புனிதவதி சிரிக்கவில்லை.

"உது ஸ்கானர் எண்டு பாதி வழியிலையே எனக்கு விளங்கிட்டுது. வினோதனோடை வேறை என்ன துவக்குக் கதை கதைக்கப் போறியள்?"

"அப்ப ஏன் திரும்பி வரேல்லை?"

"நீங்கள் அதை உருவினதைப் பாத்தனான். 'என்னட்டைத்தான் கிடக்குது' எண்டு சொன்னியளே, அந்தக் குரலையும் கேட்டனான். என்னைக் கலியாணம் கட்டேக்கைகூட உங்களுக்கு அப்பிடி ஒரு குரல் வரேல்லையப்பா."

இராஜரட்ணத்துக்கு முகம் எரிந்தது. அழுகையும் வந்தது. "நான் துவக்கு வேண்டமாட்டன், புனிதம். சத்தியமா."

"வேண்டமாட்டியளோ, உங்களுக்கு வேண்டாமோ? ரெண்டும் ஒண்டில்லை. கடையிலை தரமாட்டாங்கள் எண்டு வேண்டாமல் இருக்கிறவரோடை நான் எப்பிடி ஒரு வீட்டிலை படுக்கிறது?"

(சென்னை அன்பருக்கு: இங்கே முதல் வேண்டுதல் காசு கொடுத்து வாங்குவது, இரண்டாவது மனம் கேட்பது. இதிலும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.)

வெளிக்காற்று வீட்டுக்குள் அடித்தது. சுவரில் தொங்கிய யேசுவின் நாட்காட்டி படபடத்தது. புனிதவதி கோட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கள்ளனுக்குச் சொன்ன அதே தொனியில் சொன்னாள்:

"யோசிச்சுச் சொல்லுங்கோ. இப்ப கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது."

எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று அவள் சொல்லவில்லை.

6

அந்த இடத்தில்தான் கொத்துரொட்டி வந்தது.

ஆகவே இராஜரட்ணம் இன்னும் அங்கேயே நிற்கிறார். ஒரு கையில் ஸ்கானர், மற்றக் கை கதவுப் பிடியில். இரண்டு கைகளும் இந்தமுறை கீழேதான் இருக்கின்றன, அதையாவது கவனியுங்கள். அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நானோ, வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே அவரைக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டுதரம் உருவ வைத்தவன். நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போய், காராஜில் நின்று அவர் சிரித்த அந்தச் சிரிப்பை நீங்களே ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, அவரை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்று சொல்லுங்கள்.

கெதியாகச் சொல்லுங்கள். கதவு திறந்து கிடக்கிறது, குளிர் வருகிறது.