சுரேன் திருப்பிய புலி

என் தம்பி சுரேனிடம் பேசி ஜெயிக்க முடியாது. எங்கள் ஊர் சிலிபினில் அவன் தொடங்கிய உறுமி மேளக் குழுவுக்குச் சின்னம் போட்ட சட்டை அடிக்க வேண்டியிருந்தது. பாகான் டத்தோ ஊர்க் குழு ஒன்றின் சின்னத்தை, உறுமி வாசிக்கும் புலியை, பேஸ்புக்கிலிருந்து எடுத்தான். இடப்பக்கம் பார்த்த புலியை வலப்பக்கம் திருப்பினான். மீசையைப் பெரிதாக்கி, நெற்றியில் குங்குமமும் வைத்தான்.

“அவங்கள கேட்டியாடா?” என்றேன்.

“எதுக்குக்கா? முப்பது பெர்சென்ட் மாத்திட்டா நம்மளோடது லா. எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாருக்கும் தெரியுமாம். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் வாசிப்பு. இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஆனாலும் திருவிழாவுக்குச் சனம் வந்துவிடும். இங்கே பேர் வாங்கினால்தான் மற்ற கோயில்கள் கூப்பிடும். சுரேன் சோறு தண்ணி மறந்து பழகியிருந்தான்.

எல்லாரும் புலிச் சட்டையோடு போய் இறங்கினால், இன்னொரு குழுவாக வந்திருப்பது அதே பாகான் டத்தோக்காரர்கள். அந்தக் குழுவில் வாசிக்கும் பெண் துளசி, புலியை வரைந்தவளே, தோளில் உறுமியோடு நேரே வந்தாள்.

“அண்ணே, இது என் புலி.”

“திருப்பிட்டேனே. மீசையும் வேற.”

“திருப்பினதுல உரசுற குச்சியும் அடிக்கிற குச்சியும் கை மாறிடுச்சு. உறுமிக்காரன் எவனாவது இப்படிப் பிடிப்பானா?”

சுரேனின் ஆட்களே சிரித்துவிட்டார்கள். துளசி சிரிக்கவில்லை. “எவ்வளவு மாத்தினாலும் நான் வரைஞ்சதுதான். இதப் போட்டுக்கிட்டு வாசிக்காதீங்க.”

மைக்கில் குழுவின் பேரைக் கூப்பிட்டார்கள். சுரேன் முகம் செத்துப்போனது. சட்டையைக் கழற்றி, உள்புறம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டான். எல்லாரும் அப்படியே செய்தார்கள்.

“என்னப்பா, சட்டையெல்லாம் திரும்பியிருக்கு?” என்றார் மைக் பிடித்தவர்.

சுரேன் மைக்கை வாங்கினான். “உள்ள இருக்கிற படம் அந்தத் தங்கச்சி வரைஞ்சது. கேக்காம எடுத்துட்டேன். தப்புதான்.”

கூட்டம் கைதட்டியது. அப்புறம் வாசித்தான் பாருங்கள், எனக்கே புல்லரித்தது! சாமி வந்தவர்களை மலையேற்ற முடியவில்லை. பாதியில் துளசியும் தன் உறுமியோடு உள்ளே நுழைந்துவிட்டாள்.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணே, இந்த அடிக்குப் புலி பத்தாது. யானை வரைஞ்சு தாரேன். கீழ என் பேரு இருக்கணும்.”

“மேலயே போடுறேன் லா,” என்றான் சுரேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.