மூன்றேகால் அங்குலம்

அண்ணன் என்னைச் சீண்டாமல் இருந்திருந்தால் அந்த டயர்களை நான் மாட்டியிருக்கவே மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழி மொத்தத்தையும் நான் ஒருத்தியே சுமக்க வேண்டுமென்று என்ன இருக்கிறது?

நானும் என் வீட்டுக்காரரும் டயர் கடை நடத்துகிறோம். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது அவர் பாடு, வேலை என் பாடு. அலைன்மென்ட் பார்க்கிற மேடை முழுக்க என்னுடையது. அதில் வேறு யாராவது கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் அவிழ்த்துத் திரும்பச் செய்வேன். "அக்கா சோறு போட்டாக்கூட அளந்துட்டுதான் தட்டுல வைப்பாங்க" என்று கடைப் பையன்களில் மூத்தவனான மொட்டை கிண்டல் செய்வான். மொட்டைக்கு வயது ஐம்பது. அவன் அப்படிச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் தன் வேகனோடு வந்து நின்றான். பின்னாலேயே ஒரு மினி லாரியில் நான்கு டயர்கள் வந்து இறங்கின. காட்டுப் பாதைக்கானவை, மேலே துருத்தும் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் என் கட்டைவிரல் பருமன்.

"இதைப் போட்டுக் குடு."

"உன் வண்டிக்கு இது ஏறாதுண்ணா. வளைச்சா மட்கார்டுல இடிக்கும்."

"ஏறும்னு போட்டிருக்கான். வண்டியை உசத்தி வைக்கிற செட்டும் வாங்கிட்டேன்."

"எவன் போட்டிருக்கான்?"

போனை நீட்டினான். எவனோ ஒருவன் சேறு பூசிய வண்டியின் தலைமேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தன் வாழ்நாளில் சேற்றில் வண்டி ஓட்டியது, தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்த அன்று மட்டும்தான். அவன் அலுவலகத்தில் நான்கு பேர் மாதம் ஒருமுறை மலைப்பாதைக்குக் கிளம்புகிறார்களாம். இவன் வண்டியைப் பார்த்து, "ஸ்கூலுக்குப் பிள்ளைங்களை ஏத்துறீங்களா சார்?" என்று கேட்டார்களாம். நாற்பத்தாறு வயதில் நம்ம துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வேணாம்ணா, இருக்கிறதே நல்லா இருக்கு" என்றேன்.

"உன்னால முடியலைன்னா சொல்லிடு. மெயின் ரோட்டுல பெரிய கடை இருக்கு. அங்க ஆம்பளைங்க வேலை செய்றாங்க."

என் வீட்டுக்காரர் சட்டென்று எதையோ தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"சாவியைக் குடு" என்றேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அண்ணன் பேரில் இருந்தாலும் அப்பாவுக்காக வாங்கியது. அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலை பல் துலக்கும்போது பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலி. அண்ணன் வீட்டுக் கீழறையில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக் காரில் திணித்தபோது வேட்டி அவிழ்ந்து, வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்த்துவிட்டது. "இனி என்னைத் தூக்கித்தான் ஏத்தணும்னா நான் வெளியவே வரலை" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். நான்கு மாதம் வெளியே வரவும் இல்லை.

பிறகு நான்தான் நாற்காலியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு பழைய கார் விற்கிற இடமெல்லாம் அலைந்தேன். நாற்காலியில் உட்காருகிற உயரம் இருபத்திரண்டு அங்குலம். ஒரு கார் பள்ளம், ஒன்று மேடு. ஏழாவதாகப் பார்த்த இந்த வேகனின் சீட் இருபத்திரண்டரை. நடுவில் ஒரு வழவழப்பான பலகையைப் போட்டால், இடது கையை ஊன்றி, நகர்ந்து, தானே உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை உட்கார்ந்ததும் கதவை அவரே இழுத்துச் சாத்திக்கொண்டு, "போலாம் ரைட்!" என்றார். அன்று நான் அழுததை அண்ணி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் பழைய டிப்போ கூட்டாளிகளோடு சீட்டாட்டம். அவருக்கு வாரம் என்பதே அந்த மூன்று மணி நேரம்தான்.

இத்தனையும் தெரிந்த நான்தான் வேலையில் இறங்கினேன்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு அங்குலத் துண்டுகளை வைத்துத் தூக்கினோம். புது டயரை மாட்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால், நான் சொன்னபடியே இடித்தது. சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி உள்ளே தள்ளினேன். பம்பர் மூலையை அறுத்தேன். கதவுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்த தகரத்தைச் சுத்தியலால் அடித்து மடித்துப் பெயின்ட் பூசினேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் போய்விடும். அதையும் நூல் பிடித்துப் பார்த்தேன். பாரம் ஏறினால் உரசுமே என்று பின்சீட்டில் மொட்டையையும் வீட்டுக்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் ஏறச் சொன்னேன்.

"அடேயப்பா, ஏறவே ஏணி வேணும் போலிருக்கே" என்றார் வீட்டுக்காரர், கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.

"வண்டி சரியாத்தான் இருக்கு அண்ணே, உங்க தொப்பைதான் எடம் கேக்குது" என்றான் மொட்டை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எங்கேயும் உரசவில்லை. எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஒரு விரல் இடைவெளி. அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "பரவாயில்லையே" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாள் முழுக்க முதுகொடிய உழைத்தேன் என்று நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு, என் கைவேலையை அப்பாவிடம் காட்டலாமென்று போயிருந்தேன். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்கு வந்தவர் வண்டியைப் பார்த்து, "அட, லாரி மாதிரி நிக்குதே!" என்றார். அண்ணி பலகையைப் போட்டாள். பலகை சறுக்குமரம் போல மேல்நோக்கி நின்றது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தூக்கியது இரண்டு, டயரால் ஒன்றேகால், சீட் அவ்வளவும் மேலே போயிருந்தது. மூன்றேகால் அங்குலம். அளக்கப்படாதது அது ஒன்றுதான்.

அப்பா இடது கையை ஊன்றினார். பாதி ஏறி, வழுக்கி, திரும்ப நாற்காலியில் விழுந்தார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை பாதிகூட ஏறவில்லை.

"விடுங்கப்பா, ஒரு நிமிஷம்தான்" என்று அண்ணன் குனிந்து, குழந்தையைத் தூக்குவது போல அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். தெருவில் எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தியது அண்ணன்.

அடுத்த ஞாயிறு அவருக்குத் தலைவலி. அதற்கடுத்த ஞாயிறு தூக்கம்.

அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். "பழைய டயரைக் கொண்டா, இன்னைக்கே கழட்டி மாத்திடறேன்."

"எதுக்கு? அவருக்கே ஒண்ணுமில்லை, நீ ஏன் குதிக்கிற? தூக்கி வைக்க நான் இல்லையா? போய் அவரையே கேளு."

போனேன். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லுங்க. அரை நாள் வேலை. நான் பழையபடி இறக்கிக் குடுத்துடறேன்."

"எனக்குச் சௌகரியமாத்தான் இருக்குன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்மா."

"ஏன்பா பொய் சொல்றீங்க? உங்களுக்குக் கொஞ்சம்கூட ரோஷம் இல்லையா?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். கோபமே இல்லாமல்தான் பேசினார்.

"அவன் வீட்டுல இருக்கேன். அவன் போடுறதைச் சாப்பிடறேன். அவன் ஆசையா ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கான். நான் வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் எங்க போய் இருக்கிறது? உன் வீட்டுக்கா?"

"எங்க வீட்டுக்கு மாடிப்படி இருக்கேப்பா" என்றேன். நாக்கு அவ்வளவு வேகமாகப் புரண்டது.

"ஆமாம்மா. மாடிப்படி இருக்கு" என்று தலையாட்டினார்.

எங்கள் கடைக்குப் பின்னால் படியே இல்லாத ஓர் அறை இருக்கிறது. ஜன்னல் உண்டு, குழாய் உண்டு. அதில் கழட்டிய பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கிறோம். கடை திறந்த அன்று அப்பாதான் அந்த அறைக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தார். காலி செய்ய ஒரு நாள் போதும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையைச் சொல்லாமல், எதையோ தேடுகிற மாதிரி நான் பைக்குள் கையை விட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.