பேர் போட்ட பிறகு ஒன்று வரும்

தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகி, கணவரைச் சாய்த்து உட்காரவைக்க அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வந்துடுச்சா?"

வரவில்லை. இரண்டு வருடமாக அவர் நாள் எண்ணிக் காத்திருந்த பேய்ப்படத்தின் மூன்றாம் பாகம். பதினொரு மணிக்கு வரும் என்று சொன்ன ட்ரெய்லரை மாலை ஐந்துக்குத் தள்ளிவிட்டார்கள். காலையில் ஊசி போட வந்த நர்ஸ் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மதியம் தாண்டுவதே கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஐந்து மணிவரை அவர் தாங்க மாட்டார்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. நாளெல்லாம் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் வேலை பார்த்துவிட்டு வந்து, பேய்ப்பட ட்ரெய்லர் பார்த்துப் பயப்படுவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். படம்கூட இரண்டாம்பட்சம்தான். படம் ஏமாற்றிவிடும், ட்ரெய்லர் ஏமாற்றாது என்பார். அவளுக்கோ பேய் என்றாலே குலை நடுங்கும். விட்டாரா? கட்டிலில் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்வார். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நடப்பதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வருவார். முடிந்ததும் அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறப்பாள். முதலில் டிவியில், பிறகு போனில் என்று இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது.

இப்போது கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பது அவர்.

அவள் சரியாகத் தூங்கி மூன்று வாரம் ஆகிறது. பொய் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் சொன்னாள்.

"வந்துடுச்சுங்க. ஸ்பீக்கர் கரகரங்குது. நான் இயர்போன்ல கேட்டுச் சொல்றேன்."

இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள். அதில் ஒன்றும் ஓடவில்லை.

பழைய கட்டடம் என்று ஆரம்பித்தாள். மழை. ஒருத்தி தனியாக லிஃப்டில் ஏறுகிறாள். வேறென்ன தெரியும் அவளுக்கு? சாப்பிடும்போது அவர் சொன்ன வேலைக் கதைகளைத்தான் எடுத்துவிட்டாள். லிஃப்ட் தானாகவே மூன்றாம் மாடியில் நிற்கிறது, கதவு திறக்கிறது, வெளியே ஆளில்லை.

அவர் உதடு அசைந்தது. "தரைக்குச் சமமா நின்னுச்சா?"

"ஒரு சாண் கீழ நிக்குதுங்க."

"அப்ப பேயில்ல. பிரேக் தேஞ்சிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு, விளக்கு அணைவதையும், குழிக்குள்ளிருந்து யாரோ அந்தப் பெண்ணைக் கூப்பிடுவதையும் சொன்னாள். கடைசியாகப் படத்தின் பேர் வந்துவிட்டது என்றாள்.

"பேர் போட்ட பிறகு ஒண்ணு வரும். அதைப் பாரு."

அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. எத்தனையோ ட்ரெய்லர் சொன்னவர் அந்தக் கடைசி இடத்தை மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் ருசி போய்விடுமாம். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுக் கட்டில் குலுங்குவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். என்ன சொல்வது என்று திணறினாள். அதற்குள் அவர் விரல்கள் போர்வைமேல் ஊர்ந்து வந்து அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. இரண்டு முறை தட்டின.

"நல்லாருந்துச்சு," என்றார். "படத்துல இதெல்லாம் இருக்காது."

கண்டுபிடித்துவிட்டாரா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. மூன்றேகால் மணிக்கு மூச்சு நின்றது.

கொழுந்தன் மூச்சு வாங்க மாடியேறி வந்து சேர்ந்தான். டாக்டரை வரவழைத்தான், சொந்தபந்தங்களுக்குப் போன் போட்டான். அண்ணனை இந்தக் குறுகல் படியில் எப்படித் திருப்பி இறக்குவது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அளந்து பார்த்தான். ஆறு பேராவது வேண்டும் என்றான். அவள் தலையாட்டினாள்.

ஐந்து மணிக்கு, ட்ரெய்லர் வந்துவிட்டது என்று அவருடைய போன் ஒலித்தது.

எடுத்துக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அவருக்காக இந்த ஒரு தடவை கண்ணைத் திறந்தே பார்த்துவிடுவது என்று வைராக்கியம். லிஃப்ட் இல்லை, மழை இல்லை. ஏதோ காடு, ஏதோ வீடு, ஓடுகிற பிள்ளைகள். பேர் வந்தது. திரை கறுத்தது. அவளை மீறிக் கண்கள் மூடிக்கொண்டன. என்னவோ அலறி ஓய்ந்தது.

"அண்ணி," கொழுந்தன் கதவருகே நின்று கூப்பிட்டான். "ஆளுங்க வந்துட்டாங்க."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மெத்தையின் ஓரத்தில், அவர் விரல்களுக்குப் பக்கத்தில், மணிக்கட்டை நீட்டி வைத்திருந்தாள்.