மூக்கில் விட்ட நெய்

1963 ஆடியில், இலஞ்சி தபாலாபீஸ் குமாஸ்தா பால்வண்ணநாதனுக்கு நாலு மாதமாக இருமல் நிற்கவில்லை. தென்காசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வலது நுரையீரலின் அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு நிழல்.

"புற்றா இருக்கலாம். மதுரையில பெரிய டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார் டாக்டர். 'இருக்கலாம்' என்ற சொல் பால்வண்ணநாதன் காதில் விழவேயில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி முத்துவடிவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அழத் தொடங்கினாள். சாவதற்குள் மனசில் கிடப்பதையும் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"போன வருசம் ஒந்தம்பி குடும்பத்தோட குத்தாலத்துச் சாரலுக்கு வாரேன்னு கார்டு போட்டிருந்தான். நாந்தான் செலவுக்குப் பயந்து, ஒனக்குக் காட்டாம, 'வீட்ல அம்மை போட்டிருக்கு, வராத'ன்னு எழுதிட்டேன்."

முத்துவடிவின் அழுகை நின்றது. "அதுக்கு முந்தின வருசம்?"

"அப்பவும் அம்மைதான்."

"எட்டிப் பாக்கலியேன்னு ரெண்டு வருசமா அவனை வைதுக்கிட்டிருக்கேன்."

சாகப்போகிற மனுஷனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? தம்பிக்குத் தந்தி கொடுக்கச் சொன்னாள். 'நிலைமை மோசம். குடும்பத்தோடு வரவும்' என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தம்பி குத்தாலிங்கம் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு வந்து இறங்கினான். அத்தானைக் கட்டிக்கொண்டு அழுதான். இவனையா வரவிடாமல் செய்தோம் என்று பால்வண்ணநாதனுக்கு வெட்கமாக இருந்தது. மதுரைக்கும் அவன்தான் கூடப் போனான்.

மதுரை டாக்டர் படத்தைப் பார்த்தார். சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூக்குல ஏதாவது விடுற பழக்கம் உண்டா?"

"மூக்கடைப்பு, தடுமனுக்கு உருக்கின நெய் விடுதேன். தெனமும் படுத்துக்கிட்டே, ஒவ்வொரு மூக்குலயும் அரைக் கரண்டி. எட்டு வருசமா."

"சளியெல்லாம் நெய்யாத்தான் மிதக்குது. அது நுரையீரல்ல இறங்கிக் கட்டி மாதிரி நிக்குது. புற்று இல்ல. நெய்யை நிப்பாட்டுங்க, போதும்."

"எட்டு வருசமாவா?" என்றான் குத்தாலிங்கம். "நாங்க சோத்துக்கே அவ்வளவு ஊத்தினதில்ல, அத்தான்."

முத்துவடிவு மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் நம்பினாள். இலஞ்சி முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள். தம்பி குடும்பம் ஆவணி முடியும்வரை இருந்தது. பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போகிற வேலை பால்வண்ணநாதனுக்கு.

இருமல் மெல்லக் குறைந்தது. தையில் எடுத்த படத்தில் நிழல் சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. அதைத் தபாலாபீஸ் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கார்டு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் கார்டைக் கொடுத்தார்.