அண்ணன் எந்த ஊர்க் கணக்கு

"இந்தத் தடவையும் நம்ம ஊருக்கு டயாலிசிஸ் நிலையம் வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா நான் ஊருக்குப் போயிடுறேன், பாப்பா" என்றார் அண்ணன், தட்டைப் பார்த்தபடியே.

அவள் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். "போயி?"

"போயி கடையில உக்காருவேன். நாலு தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவேன். உங்க அண்ணி சமையலைக் குறை சொல்லுவேன்."

"டயாலிசிஸ்?"

"அது இங்க இருக்கு. நான் அங்க இருப்பேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி கட்டில்மேல் வந்துவிட்டதை அவள் பார்த்திருந்தாள். சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை வாரத்தில் மூன்று நாள் ஓர் இயந்திரம் செய்கிறது. அதை நிறுத்தினால் உடம்பு அதிக நாள் தாங்காது. இது இருவருக்குமே தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அவர் பயந்த அந்த 'வேண்டாம்' ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவள் அவள்தான்.

அவள் மருத்துவ வசதித் திட்ட வாரியத்தில் மதிப்பீட்டு அதிகாரி. யாராவது புதிதாக ஒரு மருத்துவமனையோ டயாலிசிஸ் நிலையமோ திறக்க நினைத்தால் இடமும் டாக்டரும் இருந்தால் மட்டும் போதாது; அது அந்த வட்டாரத்துக்குத் தேவைதான் என்று வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல்முறை கேட்பவர்களுக்கு இது வீண் குறுக்கீடாகத் தோன்றும். அவளிடம் கேட்டால் உட்காரவைத்து விளக்குவாள். ஓர் ஊரில் ஒரு பிரசவ வார்டு நன்றாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் இன்னொன்று திறந்தார்கள். தாய்மார்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், செவிலியர்களும் பிரிந்தார்கள், இரவுப் பணிக்கு இரண்டு இடத்திலும் ஆள் போதவில்லை. கடைசியில் இரண்டுமே இருட்டியதும் கதவைச் சாத்தின. பகலில் மட்டும் பிறப்பதற்குக் குழந்தைகள் சம்மதிக்கவில்லை.

அதனால்தான் கணக்கு. ஒரு வட்டாரத்தில் வசிக்கும் டயாலிசிஸ் நோயாளிகள் எத்தனை பேர் என்று முதலில் பார்ப்பார்கள். அதற்கு நோயாளிகள் மருத்துவமனையில் கொடுத்திருக்கும் விலாசம் போதும். ஒரு நிலையம் தாக்குப்பிடிக்க நாற்பது பேராவது வேண்டும். அண்ணனின் ஊர் இருக்கும் மலையடி வட்டாரத்திலிருந்து வந்த விண்ணப்பம் அந்த முதல் படியிலேயே விழுந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் பதினோரு பேர்.

அலுவலக விஷயத்தை அவள் வீட்டில் பேசுவதில்லை. தங்கையைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவரும் கேட்டதில்லை. இன்று வாய் தவறிவிட்டது.

"அங்க நோயாளிங்களே அதிகம் இல்லையாமே, அண்ணா."

"யாரு சொன்னது?" அண்ணன் முதல்முறையாக நிமிர்ந்தார். "எங்க ஷிப்டுல மட்டும் ஏழு பேர் மலையடிக்காரங்க. நர்ஸம்மா எங்களுக்கு மலைக் கட்சின்னு பேரே வச்சிருக்காங்க. காலை ஷிப்டைக் கேட்டுப் பாரு, அங்க நாங்கதான் ஆளுங்கட்சி."

"அவங்கல்லாம் எங்க தங்கியிருக்காங்க?"

"ஒருத்தர் மருமகன் வீட்ல. ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ரூம் எடுத்து. நான் ஒரு மகராசி வீட்ல."

"ஆஸ்பத்திரியில என்ன விலாசம் குடுத்திருக்கீங்க?"

"உன் வீட்டு விலாசம்தான். வண்டி வந்து ஏத்திட்டுப் போகணும்ல? ஊர் விலாசத்தைக் குடுத்தா அந்த டிரைவர் ரெண்டு மலை தாண்டி வந்து ஹாரன் அடிப்பானா?"

அவள் வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

ஊரில் ஒரு டயாலிசிஸ் நாற்காலி இல்லாததால்தான் அவர்கள் ஊரைவிட்டு வந்தார்கள். வந்ததால் நகரத்து விலாசம். நகரத்து விலாசத்தால் நகரத்து நோயாளிகள். மலையடியில் நோயாளிகள் இல்லை, ஆகவே நாற்காலி தேவையில்லை என்று அவளே அழகாக எழுதி, படம் போட்டு விளக்கியும் இருந்தாள்.

அந்த விண்ணப்பத்தின் விசாரணைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் இரண்டாவது அடி விழுந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முன்னால் அதிகாரி ஓர் உறுதிமொழி தரவேண்டும்: அந்த வட்டாரத்தில் வசிக்கும் உறவினர் எவருக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படவில்லை. அவள் மனசாட்சியோடுதான் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் இருப்பது நகரத்தில், அவள் வீட்டில் அல்லவா? வாரியம் எண்ணியதுபோலவே அவளும் தன் அண்ணனை எண்ணியிருந்தாள்.

வாயைத் திறந்தால் அவளை விலக்கிவிடுவார்கள். அண்ணனுக்காகக் கணக்கை மாற்றுகிறாள் என்பார்கள். அவளோடு சேர்ந்து விண்ணப்பமும் விழலாம். திறக்காவிட்டால் இன்று மாலையே அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

விசாரணை அறையில் நீண்ட மேசை. ஒரு பக்கம் விண்ணப்பித்த டாக்டர், மறுபக்கம், நோயாளிகளை இழக்க விரும்பாமல் அதை எதிர்க்கும் நகரத்து மருத்துவமனையின் வக்கீல். நடுவில் வாரியத் தலைவர், முன்பு அறுவைச் சிகிச்சை செய்தவர். யார் பேசினாலும் பேசுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மதிப்பீட்டை வாசிங்க" என்றார்.

அவள் எழுந்தாள். "சார், வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த மதிப்பீடு தப்பு."

டாக்டர் நிமிர்ந்தார். வக்கீல் பேனாவை மூடினார்.

"விலாசத்தை வச்சு எண்ணினோம். சிகிச்சைக்காக ஊரை விட்டு வந்தவங்க எல்லாம் இங்கத்த விலாசம் குடுத்திருக்காங்க. அவங்களை மலையடிக் கணக்குல நான் சேர்க்கல."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலையில."

"எப்படி?"

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். "அவங்கள்ல ஒருத்தர் என் அண்ணன், சார். என் வீட்லதான் இருக்கார்."

"அப்படிப் போடுங்க" என்றார் வக்கீல். "ஐயா, இதுக்கு மேல நான் வாதாடவே வேண்டாம். உறவுக்காரர் இல்லன்னு கையெழுத்துப் போட்டவங்க, தீர்ப்பு அன்னைக்கு அண்ணனைக் கூட்டிட்டு வர்றாங்க. நாளைக்கு மாமா, சித்தப்பான்னு நாற்பதும் நிறைஞ்சிடும்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அவர் சொல்றது நியாயம்தான் சார். என்னை நம்ப வேண்டாம். வேற யாரையாவது அனுப்புங்க. ஒவ்வொரு நாற்காலியா போய், இந்த வைத்தியம் உங்க ஊர்லயே கிடைச்சா எங்க இருப்பீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. பதினொண்ணுதான் வருதுன்னா என் பழைய முடிவே சரி."

தலைவர் வக்கீலிடம் திரும்பினார். "உங்க ஆஸ்பத்திரியில யாராவது இதைக் கேட்டுப் பாத்திருக்காங்களா?"

"அது எங்க வேலை இல்லையே, ஐயா."

"இல்லதான். எங்க வேலை" என்றார் தலைவர். "நாங்களும் கேக்கல." பிறகு அவளிடம், "நீங்க வெளியே இருங்க."

நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவுக்கு அப்பால் வக்கீலின் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, சொற்கள் பிடிபடவில்லை. இத்தனை வருடத்தில் அவள் இல்லாமல் ஒரு கணக்கு பேசப்படுவது இதுவே முதல்முறை. கதவு திறந்தபோது டாக்டர்தான் முதலில் வந்தார். அவள் பக்கம் பார்க்காமலேயே போனார். இனி அவளோடு பேசுவது அவருக்கும் ஆகாது.

பின்னால் வந்த தலைவர் நின்றார். "மதிப்பீடு ரத்து. வேற அதிகாரி நேர்ல போய் எண்ணுவார். முடியுற வரைக்கும் நீங்க இந்த விஷயத்தை நெருங்கக் கூடாது. அந்தக் கையெழுத்துக்குத் தனியா விளக்கம் குடுக்கணும்."

"சரி, சார்."

"எண்ணி முடிச்சாலும் நாற்பது வரும்னு எந்த நிச்சயமும் இல்ல."

"தெரியும், சார்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வெளியே போகும் சட்டையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவள் சொன்னாள்.

"அப்ப வேண்டாம்னு சொல்லல."

"வேணும்னும் சொல்லல, அண்ணா."

"எத்தனை நாள் ஆகும்?"

"தெரியாது. தெரிஞ்சாலும் இனி நான் சொல்லக் கூடாது."

"உன் வேலை?"

"பாப்போம்."

அண்ணன் தன் இடது கையில் ஊசி ஏறும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சமையலறையில் அவள் வெறுமனே நின்றாள். பெட்டி இன்னும் கட்டில்மேலேயே இருந்தது. போன் சத்தம் கேட்டது. அண்ணிதான்.

"இல்ல, கிளம்பல" என்றார் அண்ணன். "அட, நான் சொன்னேன்தான். இப்ப வேற ஆள் வந்து எண்ணப் போறாராம். ஆமா, தலையைத்தான். எத்தனை நாளோ, யாருக்குத் தெரியும்? வரட்டுமே. எண்ணும்போது நான் இருக்கணும்ல?"