காம்பில் இரண்டு அங்குலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வரி எழுத வராததால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

என் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடக் கொடுக்கப் போயிருந்தேன் (இது இரண்டாவது முறை, காரணம் கேட்காதீர்கள்). தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "நீங்க கதை எழுதுறவர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர் யாரும் இல்லை.

"எனக்கு ஒரு வரி வேணும். ஒரு கருவியோட மரக் காம்புல பொறிக்கிறதுக்கு. பொண்ணுக்குக் கொடுக்கப் போறேன்."

பொண்ணு என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் அவர் கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "மலையில பாதை போடுறா," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆளுங்க நடந்து போற பாதை. ரோடு இல்ல."

கதை அந்த எட்டிப் பார்த்ததில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேன்ட் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகாத மலைச்சரிவில் அவள் தனியாக நின்று, தொலைவில்...' விட்டுவிட்டேன். அவள் தனியாக நின்றதே இல்லை. குழுவில் ஏழு பேர். பனியும் நானாகப் போட்டது.

இரண்டாவது: 'அப்பாக்கள் எப்போதுமே...' அப்பாக்கள் எப்போதுமே என்ன? தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது கருவிக் கடையில் தொடங்குகிறது. இதுதான் நிற்கிறது. இதுவரை நீங்கள் வாசித்ததை வாசலில் செருப்பைக் கழற்றிய நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு கடைக்குள் நுழைந்தார். குளிக்கும்போது மட்டும்தான் அவர் அதைக் கழற்றுவார். சுவர் முழுக்க மண்வெட்டி, கடப்பாரை, ரம்பம். மலையில் பாதை போடுகிறவர்களுக்கு எது உதவும் என்று கேட்டார். கடைக்காரர் ஓர் இரும்புத் தலையை மேசைமேல் வைத்தார்: ஒரு பக்கம் மண்ணை வெட்டி இழுக்க அகன்ற முனை, மறுபக்கம் வேரை அறுக்கக் கோடரி முனை.

"சரிவுல வேலை செய்றவங்க இந்தப் பிக்காசைத்தான் கேப்பாங்க. காம்பு நானே ஆளுக்குத் தகுந்த மாதிரி இழைச்சுத் தருவேன். அளவு சொல்லுங்க."

அளவு என்றதும் தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் இடுப்பு அவருக்கு மனப்பாடம். [என் இடுப்பும்தான். வெளியே சொல்ல மாட்டார் என்பதால்தான் இன்னும் அவரிடமே போகிறேன்.] மகளின் உயரம், தோள் பதினாலு, கை இருபத்தொண்ணு என்று நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார். கடைக்காரர் காம்புக்கு ஒரு நீளம் சொன்னார்.

"அதோட ரெண்டு இஞ்ச் சேத்துக்குங்க."

"எதுக்கு? நீளமா இருந்தா வெட்டும்போது காம்பு முனை விலாவுல இடிக்கும். உங்க பொண்ணு அளவு உங்களுக்குச் சரியாத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் தையல்காரர். பிறகு, "ரெண்டு வருஷமா எடுக்கல," என்றார்.

[துணியில் அளவு சந்தேகமாக இருந்தால் உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பார்கள். தேவைப்பட்டால் பிறகு பிரித்துவிடலாம். மரத்தை அப்படி உள்ளே மடிக்க முடியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.]

3

இங்கே அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். அதற்கு வேண்டிய சரக்கும் கைவசம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டுப் பாதை போடும் குழுவில் சேர்ந்தாள். முதல் விடுமுறையில், வெடித்த உள்ளங்கையும் கறுத்த முகமுமாக வந்து நேரே கடைக்குள் நுழைந்தாள். அங்கே இருந்த வாடிக்கையாளர் ஒருவர், பொண்ணு இப்ப எங்க வேலை பாக்குது என்று விசாரித்தார். அவள் வாயைத் திறக்குமுன் தையல்காரர், "ஆபீஸ்ல இருக்கா," என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் போனதும் மகளிடம், "மண்ணு வெட்டுறேன்னு வெளிய சொல்லாத பாப்பா. அப்பாவுக்குத் தலைகுனிவா இருக்கு," என்றார்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறியிருக்கும். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு போன் அம்மாவுக்கு மட்டும்தான். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பாள். போனை அப்பாவிடம் கொடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அவள்தான் குழுவின் தலைவி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, முடித்த பாதையைத் திறக்கிறார்கள்; வீட்டாருக்கும் அழைப்பு. மறுநாளே குழு தொலைவில் வேறொரு மலைக்குக் கிளம்புகிறது, மூன்று வருட வேலைக்கு. ஆக, தையல்காரரிடம் மிச்சமிருப்பது ஒரு காலைப்பொழுது.

கெட்டவர் வேஷம் அவருக்குப் பொருந்தவில்லை. அளவெடுக்கும்போது என் தொப்பையைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதரை நான் எப்படித் திட்டுவது?

4

நான் எழுதிக் கொடுத்த வரிகளும் அவர் தீர்ப்புகளும்:

'பாப்பாவுக்கு அப்பா.' "அது அவளுக்கே தெரியும்."

'உன் வழி உன்னுடையது.' "பஸ் கம்பெனி போர்டு மாதிரி இருக்கு சார்."

'மன்னித்துவிடு.' இதை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "இதைக் கையில பிடிச்சுக்கிட்டு தினமும் அவ வேலை செய்யணுமா? அவளுக்கு அது பாரமா இருக்காது?"

'மலைகள் வழிவிடட்டும்...' இதை நான் கொடுக்கவே இல்லை. எழுதி முடிக்கவும் இல்லை. நீங்களும் மறந்துவிடுங்கள்.

கடைசியில் அவரே ஒரு வரி சொன்னார். ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியவில்லை. (எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) அது என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். கதைக்காரன் கையில் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

கருவிக் கடைக்காரர் அதைச் சூட்டுக்கம்பியால் காம்பின் கடைசி முனையைச் சுற்றிப் பொறித்துக் கொடுத்தார். நடுவில் எழுதினால் கை பட்டுப் பட்டுத் தேய்ந்துவிடும், முனையில்தான் பல வருடம் நிற்கும் என்றார். நல்ல யோசனைதான். கூடுதலாகச் சேர்த்த அந்த இரண்டு அங்குலம் இருந்ததும் அதே முனையில்தான்.

5

இங்கே நான் இல்லை. அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

பேருந்திலேயே மனைவி எச்சரித்துவிட்டார்: "அங்க வந்து வாயைத் திறக்காதீங்க. கொடுங்க, சிரிங்க, அவ்வளவுதான்." தையல்காரருக்கும் அதுதான் வசதியாகப் பட்டது.

பாதையில் கால் வைத்ததும் குனிந்து பார்த்தார். தொழில் புத்தி. சரிவை வெட்டியெடுத்த ஓரம் பிசிறில்லாமல் ஓடியது. வெளிப்பக்கம் லேசான சாய்வு. மழைத்தண்ணீர் தேங்காமல் வழிவதற்காம். மனைவிதான் சொன்னார். மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு வலித்தது.

மேலே மகள் குழுவோடு நின்றிருந்தாள். "வாங்கப்பா," என்றாள், விருந்தாளியிடம் சொல்வதைப் போல. அவர் பிக்காசை நீட்டினார். அதற்கு அவரே ஓர் உறை தைத்திருந்தார், கோடரி முனைக்குத் தனி மூடியோடு. அவள் உறையை உருவி, காலை அகட்டி நின்று, காற்றில் ஒருமுறை ஓங்கி இறக்கினாள். காம்பு முனை விலாவில் இடித்தது.

"நீளமா இருக்கே."

அவள் காம்பைப் பார்த்தாள், அவர் கழுத்தில் தொங்கிய நாடாவைப் பார்த்தாள்.

"உள்ள ரெண்டு இஞ்ச் விட்டிருக்கீங்களா?"

"வளர்ற பிள்ளைன்னு..."

"எனக்கு இருபத்தெட்டு வயசுப்பா."

அவளுடைய பள்ளிச் சீருடைகள் எல்லாவற்றிலும் அந்த இரண்டு அங்குலம் இருந்தது. அவள் பிக்காசைக் கீழே வைத்துவிட்டு, கடையில் சின்ன வயதில் நிற்பாளே, அப்படி முதுகை நிமிர்த்திக் கையை நீட்டினாள். "எடுங்க."

அவர் எடுத்தார். கை அதே இருபத்தொன்று. தோள் பதினைந்தரை. "ஒன்றரை கூடியிருக்கு," என்றார், நாடாவைப் பிடித்தபடியே. "கல்லு தூக்குறேன்ல," என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

குழுவில் ஒருவர் ரம்பத்தோடு வந்தார். புதுக் காம்பு வந்தால் அவரவர் அளவுக்கு வெட்டிக்கொள்வது அங்கே வழக்கமாம். மகள் முனையைத் திருப்பினாள். எழுத்தைப் பார்த்தாள். வாசித்தாள்.

"வெட்டினா எழுத்து போயிடும் பாப்பா," என்றார் தையல்காரர்.

"அப்ப வாயால சொல்லுங்க."

சுற்றிலும் குழுவின் ஆட்கள், அவர்கள் வீட்டார், முன்பின் தெரியாத முகங்கள். வாயைத் திறக்காதீங்க என்று சொன்ன மனைவியே, "சொல்லுங்களேன்," என்று முழங்கையால் இடித்தார். தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என் பொண்ணு பாதை போடுறா."

"தெரியும் சார்," என்றார் ரம்பம் வைத்திருந்தவர். "நாங்களும் அதைத்தான் போடுறோம்."

முதலில் சிரித்தது மகள். அப்புறம் எல்லோரும். இரண்டு வருடமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது என்று தையல்காரர் என்னிடம் சொன்னார். கேட்ட எனக்கே மூச்சு சீராக வந்தது.

6

"சரி, வெட்டினாளா இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டார். குண்டூசி வாயில் இருக்கும்போது தையல்காரர் பேச மாட்டார்.

அதனால் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வெட்டுகிறாள். அந்தத் துண்டு அம்மாவின் கைப்பையில் வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது. இன்னொன்றில் வெட்டவில்லை, விலாவில் இடிபடாமல் இருக்கப் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டு, மூன்று வருடமும் அதே காம்போடு வேலை செய்கிறாள். [இழுப்பறையைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை.] இரண்டிலும் யாருக்கும் நஷ்டமில்லை. ரம்பத்தை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நேற்று நான் கடையில் இருந்தபோது அவருடைய போன் அடித்தது. அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேசினார். காத்திருந்த புது வாடிக்கையாளர் ஒருவர், "யாரு, வீட்லயா?" என்று கேட்டார்.

"பொண்ணு," என்றார் தையல்காரர். "மலையில பாதை போடுறா."

வாசலை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார், பேன்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லி.